விதை கட்டாத புல்

(இணையவழி நேரலையில் நிகழ்த்திய உரையின் கட்டுரை வடிவம்)

இங்கே அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் சனிக்கிழமை மதியம். உங்களில் பலருக்கு இரவாகியிருக்கும். நேற்று இரவுப் பணி முடிந்து வந்து நாலு மணிநேரம் தூங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பேச்சில் எங்கேயாவது தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வரலாறு படித்தவள் அல்ல, தாவரவியலும் தெரியாது. நர்சிங் டிப்ளமோ மட்டும்தான். ஆனால் நர்சுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. காயத்தைப் பார்த்தால் அது எப்படி வந்தது என்று கேட்போம். அந்தப் பழக்கத்தில்தான் என் வீட்டு வாசல் புல்லைப் பற்றியும் கேட்கத் தொடங்கினேன்.

போன வருடம் புதுவீடு வாங்கினோம். வீட்டைச் சுற்றி வெறும் செம்மண். ஜார்ஜியாவின் செம்மண் களிமண். மழை பெய்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குடிவந்த இரண்டாம் வாரமே குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அறுபது நாளைக்குள் முன்பக்கம் முழுக்கப் புல்தரை அமைக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். அனுமதிக்கப்பட்ட புல்வகைகள் என்று நாலு பெயர் போட்டிருந்தது: பெர்முடா, சோய்சியா, சென்டிபீட், ஃபெஸ்க்யூ.

அப்போது ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார்கள். கடிதத்தை வாசித்து அர்த்தம் சொன்னேன். அம்மா கேட்டார்கள்: "ஏட்டி, இவ்வளவு புல்லையும் எந்த மாட்டுக்குப் போடப் போற?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இந்த உரையே அதற்குப் பதில் தேடிப் போனதுதான்.

*

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். அம்மாவுக்கு விடிந்ததும் முதல் வேலை வாசல் பெருக்குவது. வாரியல் மண்ணில் போட்ட வரிகள் வளைவு வளைவாகக் கிடக்கும். கோயிலுக்குப் போக எங்களை வெளியே விடும்போதுகூட ஓரமாகப் போகச் சொல்வார்கள். வாசலில் ஒரு புல் முளைத்திருந்தால், அந்த வீட்டில் பெண்பிள்ளைகள் இல்லையோ என்று ஊர் கேட்கும். புல் என்றால் பாம்பு, பூச்சி, சோம்பல். சுத்தமான வெறும் மண்தான் மரியாதை.

இதை ஒருநாள் பணியிடத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்க்கும் கறுப்பின அக்கா ஒருவர், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவருடைய பாட்டியும் அப்படித்தானாம். டாக்வுட் மரத்தின் சிமிர்களை ஒடித்துக் கட்டி வாரியல் செய்து, சனிக்கிழமை சாயங்காலம் முற்றத்தைப் பெருக்கி வைத்தால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிறவர்கள் உட்காரலாம். ஒரு புல் விடமாட்டார்களாம். "உங்கள் சங்கம் என் பாட்டிக்கு எத்தனை டாலர் அபராதம் போட்டிருக்கும்?" என்று கேட்டார். இருவரும் சிரித்தோம். பிறகு அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

தேடிப் படித்தபோது தெரிந்தது, இது ஒரு குடும்பத்தின் கதை இல்லை. அமெரிக்கத் தெற்கில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெருக்கிய மண்முற்றம்தான் சாதாரண வீடுகளின் வழக்கம். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நிலவடிவமைப்புப் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் வெஸ்ட்மகாட் தெற்கின் கிராமங்களில் கறுப்பின மக்களின் முற்றங்களை நேரில் போய் ஆராய்ந்து 1992இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த வழக்கம் இது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஏழை வெள்ளையர் வீடுகளிலும் அதே வழக்கம் இருந்தது. காரணங்களும் அம்மா சொன்னவைதான். வெறும் மண்ணில் பாம்பு வந்தால் தெரியும். தீ பிடித்தால் வீடுவரை பரவாது. துணி வெளுப்பது, சமைப்பது, கதை பேசுவது எல்லாம் அங்கேதான். அது வீட்டின் இன்னொரு அறை.

அப்படியானால் அந்த முற்றங்கள் எங்கே போயின? அவற்றின் மேல் புல் எப்படி வந்தது?

*

வீட்டைச் சுற்றிப் புல் வளர்த்து ஒட்ட வெட்டி வைப்பது இங்கிலாந்துப் பிரபுக்களின் பழக்கம். மழையும் குளிரும் உள்ள நாடு, புல் தானாக வளரும். வெட்டுவதற்கு ஆடும் அரிவாள்காரர்களும் வேண்டும். நல்ல நிலத்தை விளைச்சலே இல்லாமல் போட்டு வைக்க முடியும் என்று ஊருக்குக் காட்டுவதுதான் அதன் பெருமை. 1830இல் எட்வின் பட்டிங் என்பவர் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் முதல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். துணி ஆலையில் கம்பளியின் மேல் எழும் இழைகளைச் சீராக வெட்டும் இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. இயந்திரம் வந்த பிறகு நடுத்தரக் குடும்பமும் பிரபுபோலப் புல் வைத்துக்கொள்ள முடிந்தது.

அமெரிக்காவில் அதைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனது இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய வீட்டுத் திட்டங்கள். நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் 1947இல் தொடங்கிய லெவிட்டவுன் அவற்றில் பெயர்பெற்றது. ஒரே மாதிரி வீடுகள் ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு வீட்டுக்கும் புல்தரை. அதை ஒழுங்காக வெட்ட வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. அதே ஒப்பந்தத்தில் இன்னொரு விதியும் இருந்தது: வெள்ளை இனத்தவர் தவிர வேறு யாரும் அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது, வேலைக்காரர்களாக இருந்தால் மட்டும் விலக்கு.

இந்த இரண்டு விதிகளும் ஒரே தாளில் இருந்ததைப் படித்தபோது என் கையிலிருந்த கடிதம் கொஞ்சம் கனத்தது. இனத்தைக் குறித்த விதிகளை நீதிமன்றங்கள் மூலம் செயல்படுத்த முடியாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1968இல் வந்த வீட்டுவசதிச் சட்டம் அந்தப் பாகுபாட்டையே சட்டவிரோதமாக்கியது. அந்த விதி போய்விட்டது. புல்லைப் பற்றிய விதி மட்டும் எங்கள் வீடு வரைக்கும் வந்துவிட்டது.

*

ஆனால் தெற்கில் ஒரு சிக்கல் இருந்தது. இங்கிலாந்துப் புல் இங்கே பிழைக்காது. கென்டக்கி புளூகிராஸ் என்பார்கள். பெயர்தான் கென்டக்கி, ஊர் ஐரோப்பா. வடக்கு மாநிலங்களில் அழகாக இருக்கும். ஜார்ஜியாவின் ஜூலை மாதத்தில் வைக்கோலாகிவிடும். எங்கள் பட்டியலில் இருந்த ஃபெஸ்க்யூவும் குளிர்காலப் புல்தான். மரநிழலும் நிறையத் தண்ணீரும் இருந்தால் இந்தப் பகுதியில் தாக்குப்பிடிக்கும், அவ்வளவே. தெற்குக்கு வேண்டியது வெயிலில் பிறந்த புல். அதற்காக அமெரிக்க வேளாண்துறை உலகம் முழுக்க ஆள் அனுப்பியது.

அப்படிப் போனவர்களில் ஃபிராங்க் மேயர் என்பவரின் கதை என்னை நிறுத்திவிட்டது. ஆம்ஸ்டர்டாமில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த தோட்டக்காரர். 1905இலிருந்து சீனாவிலும் அதைச் சுற்றிய நாடுகளிலும் ஆயிரக்கணக்கான மைல் நடந்தே போய் விதைகள் சேர்த்தார். இங்கே கடைகளில் மேயர் எலுமிச்சை என்று விற்கிறார்களே, அது அவர் கொண்டுவந்தது. எங்கள் பட்டியலில் உள்ள சென்டிபீட் புல்லும் அவர் சீனாவில் சேகரித்த விதை வழியாக 1916இல் இங்கே வந்ததுதான். 1918 ஜூன் மாதம் யாங்சி ஆற்றில் போய்க்கொண்டிருந்த கப்பலிலிருந்து ஒரு இரவு அவர் காணாமல் போனார். சில நாள் கழித்து உடல் ஆற்றில் கிடைத்தது. விழுந்தாரா, குதித்தாரா, யாராவது தள்ளினார்களா என்பது கடைசிவரை முடிவாகவில்லை. 1951இல் வேளாண்துறை வெளியிட்ட சோய்சியா ரகத்துக்கு மேயர் என்று அவர் பெயரையே வைத்தார்கள். வீடு என்று ஒன்று நிலையாக இல்லாமல் அலைந்த மனிதரின் பெயர், லட்சக்கணக்கான வீடுகளின் வாசலில் கிடக்கிறது.

சோய்சியா கிழக்காசியப் புல். அதன் மெல்லிய இலை வகை ஒன்று 1911இல் மணிலாவிலிருந்து வந்தது. அதனால் நம் ஊர்த் தோட்டக்காரர்கள்கூட அதை மணிலா புல் என்பார்கள். இப்படிப் பட்டியலில் மூன்று பெயருக்கு வரலாறு கிடைத்துவிட்டது. மிச்சம் பெர்முடா.

*

கடையில் பெர்முடா புல்லின் சிறு துண்டைக் கையில் வாங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவிடம் நீட்டினேன். அம்மா சொன்னார்கள்: "இது அறுகுல்லா!"

ஆமாம், அறுகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே புல். கல்யாண வீட்டில் ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி வாழச் சொல்லி வாழ்த்துகிறோமே, அதே அறுகு. வயலில் இறங்கினால் விவசாயி சபிக்கிற அதே களை. நாடு மாறினால் பெயர் மாறும். ஆஸ்திரேலியாவில் கூச், தென்னாப்பிரிக்காவில் க்வீக். இந்த நாட்டுக்கு பெர்முடா தீவுகள் வழியாக வந்தது என்று நம்பியதால் பெர்முடா என்ற பெயர். உண்மையில் அது ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஆதிமுதல் இருக்கிற புல். பதினெட்டாம் நூற்றாண்டில், அடிமைக் கப்பல்களும் சரக்குக் கப்பல்களும் அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்த காலத்தில், இங்கே கரையேறியது. 1807இலேயே தெற்கின் முக்கியமான புற்களில் ஒன்றாக அது எழுதப்பட்டுவிட்டது.

ஆனால் பருத்தி விவசாயிக்கு அது ஜென்மப் பகை. வெட்டினால் ஒவ்வொரு கணுவிலும் முளைக்கும். கம்பிப்புல், பிசாசுப்புல் என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். அடிமைகளும், பிறகு அவர்களுடைய பேரப்பிள்ளைகளான குத்தகை விவசாயிகளும் மண்வெட்டியோடு குனிந்து குனிந்து கொத்தி எடுத்த புல் அது. அந்தப் பருத்தி நிலங்கள் கடைசியில் என்ன ஆயின? மேல்மண் முழுக்க மழையில் போய்விட்டது. தென்மேற்கு ஜார்ஜியாவில் பிராவிடன்ஸ் கேன்யன் என்று ஒரு இடம் இருக்கிறது. சுற்றுலா போகிறோம், படம் எடுக்கிறோம். 150 அடி ஆழப் பள்ளம். ஆறு அறுத்த பள்ளம் இல்லை. 1800களில் மோசமாக உழுததால் மழைநீர் அறுத்துப்போட்டது. நிலத்தின் புண் அது. 1930களில் இந்தப் புண்ணுக்கு மருந்து தேடியபோது, வேரோடிப் பிடித்துக்கொள்ளும் புல்லின் அருமை தெரிந்தது. பகை நண்பனாயிற்று.

1936இல் கிளென் பர்ட்டன் என்ற இளம் விஞ்ஞானி தெற்கு ஜார்ஜியாவின் டிஃப்டன் ஊரில் உள்ள ஆய்வுநிலையத்துக்கு வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டிலிருந்து காரில் மூன்று மணிநேரம். பழைய பருத்திக் காட்டில் கண்ட நல்ல அறுகு ஒன்றையும், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த அறுகு வகைகளையும் கலந்து ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்தார். அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த ஒன்றை 1943இல் கோஸ்டல் என்ற பெயரில் மாட்டுத் தீவனத்துக்காக வெளியிட்டார். அதாவது அம்மா கேட்ட கேள்விக்கு முதலில் நேரடியான பதிலே இருந்திருக்கிறது. அது மாட்டுக்குத்தான்.

பிறகு கோல்ஃப்காரர்கள் வந்தார்கள். தெற்கின் வெயிலில் குட்டையாக, மெத்தையாக, பச்சையாக நிற்கும் புல் வேண்டும் என்றார்கள். பர்ட்டன் நம் சாதாரண அறுகையும், மெல்லிய இலையுள்ள ஆப்பிரிக்க அறுகையும் கலந்தார். 1956இல் டிஃப்க்ரீன் வந்தது. 1954இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த விதையில் தற்செயலாகக் கலப்பாக முளைத்த ஒரு நாற்று, 1960இல் டிஃப்வே என்ற பெயரில் வெளியானது. இன்றும் உலகத்தின் எத்தனையோ விளையாட்டு மைதானங்களில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். அந்தப் புல்லில் எல்லோரும் நடந்துவிட முடிந்ததா என்றால் இல்லை. இதே ஜார்ஜியாவின் அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியில் ஒரு கறுப்பின வீரர், லீ எல்டர், முதன்முதலாக ஆடியது 1975இல்.

இங்கே ஒரு சின்ன உயிரியல் சொல்ல வேண்டும். நம் அறுகின் குரோமோசோம் 36, நாலு தொகுதி. ஆப்பிரிக்க அறுகுக்கு 18, இரண்டு தொகுதி. இரண்டுக்கும் பிறக்கும் பிள்ளைக்கு 27, மூன்று தொகுதி. மூன்று பேர் ஜோடி சேர முடியாது. அதனால் அந்தப் புல் விதை கட்டாது. அதைப் பரப்ப ஒரே வழி, கணுவோடு பிய்த்து நடுவதுதான். யோசித்துப் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க் விதையில் வந்த அந்த ஒரு நாற்றின் உடம்பைத்தான் எழுபது வருடமாகப் பிய்த்துப் பிய்த்து உலகமெங்கும் நட்டிருக்கிறோம். அட்லாண்டாவில் நிற்பதும் வேறு கண்டத்தில் நிற்பதும் பிள்ளைகள் அல்ல, அதே செடி. ஒன்றுக்குத் தீராத நோய் ஒன்று வந்தால் அத்தனைக்கும் வரும்.

*

இதுவரை அமெரிக்கக் கதை. ஆனால் இந்தப் பர்ட்டன் நம் தட்டிலும் கை வைத்திருக்கிறார். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

டிஃப்டனில் அவர் இன்னொரு புல்லையும் ஆராய்ந்தார். அங்கே அது மாட்டுத் தீவனம். நமக்கு அது கம்பு. கம்பும் புல் இனம்தானே. கம்பின் பூக்கள் மிகச் சிறியவை, ஒரு கதிரில் ஆயிரக்கணக்கில் இருக்கும். கையால் மகரந்தம் நீக்கி வீரிய ஒட்டு விதை உண்டாக்குவது நடக்காத காரியம். மகரந்தமே தராத, ஆண்மலடான ஒரு தாய்ச்செடி கிடைத்தால் வேலை எளிது. பர்ட்டன் அப்படி ஒரு தாயைக் கண்டெடுத்தார். டிஃப்ட் 23ஏ என்று பெயர். அதன் விதையை இந்தியாவுக்கும் கொடுத்தார். லூதியானாவில் அத்வால் என்ற விஞ்ஞானி அதை நம் நாட்டுக் கம்போடு சேர்த்து 1965இல் எச்பி-1 என்ற முதல் வீரியக் கம்பை வெளியிட்டார். மகசூல் ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. 1965இல் 35 லட்சம் டன்னாக இருந்த இந்தியாவின் கம்பு உற்பத்தி 1970இல் 80 லட்சம் டன்னைத் தொட்டது. பஞ்சம் வாசலில் நின்ற வருடங்கள் அவை. எத்தனை குழந்தைகள் அந்தக் கூழில் பிழைத்திருக்கும் என்று ஒரு நர்சாக நினைத்துப் பார்க்கிறேன்.

அதன் பிறகுதான் விலை தெரிந்தது. எச்பி வரிசையில் அடுத்தடுத்து வந்த ரகங்களுக்கும் அதே தாய்தான். அந்தத் தாய்க்கு அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் சக்தி இல்லை. 1970களின் தொடக்கத்தில் நோய் நாடு முழுக்கப் பரவியது. இந்த நோய் வந்த கம்பைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கதிர் அழுகி விழாது. மணி பிடிக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பசேலென்று குட்டி இலைகள் கொத்துக் கொத்தாக வரும். தூரத்திலிருந்து பார்த்தால் வயல் செழிப்பாக இருக்கும். பக்கத்தில் போனால் ஒரு மணி இருக்காது. நோயும் மழையில்லாமையும் சேர்ந்து, ஏறிய உற்பத்தி பெருமளவு இறங்கிவிட்டது. பிறகு இந்திய விஞ்ஞானிகளும் ஐதராபாத் அருகே 1972இல் தொடங்கிய இக்ரிசாட் நிறுவனமும் பல தாய்களைத் தேடிக் கொண்டுவந்துதான் கம்பை மீட்டார்கள். 1982இல் டபிள்யூசி-சி75 என்ற ரகம், ஒட்டு விதையே அல்லாமல், விவசாயி தானே எடுத்து வைத்து விதைக்கக்கூடிய ரகமாக வந்தது.

பர்ட்டனை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அவருக்கு அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் கிடைத்தபோது இந்தியாவின் கம்பும் அதற்கு ஒரு காரணம். அவர் கொடுத்தது நல்ல மருந்து. ஒரே மருந்தை எல்லோருக்கும், எல்லா நோய்க்கும் கொடுத்ததுதான் தவறு. வார்டில் ஒரே ஆன்டிபயாட்டிக்கையே எல்லோருக்கும் எழுதினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

*

இனி தண்ணீர். 2007இல் ஜார்ஜியாவில் கடும் வறட்சி. வடக்கு ஜார்ஜியாவில் புல்லுக்குத் தண்ணீர் விடவே தடை போட்டார்கள். நவம்பரில் மாநில ஆளுநரே தலைநகர்க் கட்டடத்தின் முன் மக்களைக் கூட்டி மழைக்காக ஜெபித்தார். நான் ஜெபத்தில் நம்பிக்கை உள்ளவள். ஆனால் மழை கேட்டு முழங்கால் போடுகிறவர்கள், போன மாதம்வரை குடிதண்ணீரைப் புல்லில் தெளித்தவர்கள் என்பதையும் கர்த்தர் பார்த்திருப்பார் அல்லவா?

2005இல் வெளியான ஓர் ஆய்வு, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அமெரிக்காவின் புல்தரைகளைக் கணக்கிட்டது. ஏறத்தாழ 1,64,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000. தமிழ்நாட்டைவிடப் பெரிய ஒரு வயல், தண்ணீர் பாய்ச்சி, உரம் போட்டு, வாராவாரம் அறுவடை செய்து, அறுத்ததைக் குப்பையில் போடுகிறோம். மணி பிடிக்காத அந்தக் கம்பு வயல் எனக்கு ஞாபகம் வருகிறது.

*

சரி, நீ என்ன நட்டாய் என்று கேட்பீர்கள்.

முன்பக்கம் பெர்முடாதான். டிஃப்டனிலேயே பிறந்து, குறைந்த தண்ணீரில் பச்சையாக நிற்கும் புதிய கலப்பு ரகம். சுருட்டிய பாய்போலக் கொண்டுவந்து விரித்தார்கள். தீக்காய வார்டில் தோல் ஒட்டுவதைப் பார்த்தவளுக்கு அது புது வேலையாகத் தெரியவில்லை. அடியில் காற்றுக் குமிழ் இருக்கக் கூடாது, விளிம்போடு விளிம்பு சேர வேண்டும், முதல் இரண்டு வாரம் ஈரம் காயக் கூடாது, மூலையைத் தூக்கிப் பார்த்து வேர் பிடித்துவிட்டதா என்று சோதிக்க வேண்டும். பதினைந்தாம் நாள் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. பிடித்துவிட்டது. சங்கத்துக்குப் படம் அனுப்பினோம்.

பின்பக்கம் ஓக் மரத்தடியில் புல் நடவில்லை. பெர்முடாவுக்கு நிழல் ஆகாது. ஒருநாளைக்கு ஆறேழு மணிநேர வெயில் இல்லாவிட்டால் இளைத்துப்போகும். அங்கே இந்த ஊர் வழக்கப்படி பைன் சருகு போட்டிருக்கிறோம். சமையலறைக் கதவுக்கு வெளியே, கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில், பத்துக்குப் பத்து அடி இடத்தை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, திம்சு போட்டு இறுக்கி வெறும் மண்ணாக வைத்தார்கள். ஊருக்குப் போகும்வரை காலையில் பெருக்கினார்கள். ஒருநாள் அந்த அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். பின்கதவைத் திறந்து அந்த வரிகளைப் பார்த்தவர் அப்படியே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகக் கால் வைத்து இறங்கினார். அப்படி இறங்க யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நேரலையின் அரட்டைப் பெட்டியில் துபாயிலிருந்தும் டார்வினிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எந்தப் புல் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். பெயரைக் கேட்குமுன் நாலு கேள்வி கேளுங்கள். வெயில் எத்தனை மணிநேரம் விழுகிறது? தண்ணீர் எங்கிருந்து வரப்போகிறது, அது உப்பா? குழந்தைகள் ஓடுவார்களா, பார்க்க மட்டுமா? வாராவாரம் யார் வெட்டப்போவது? நல்ல வெயில், ஓடுகிற கால் என்றால் பெர்முடா. கொஞ்சம் நிழலும் பொறுமையும் இருந்தால் சோய்சியா. அது மெதுவாகத்தான் மூடும், மூடிவிட்டால் களை நுழையாது. உரம் போட நேரமில்லாதவருக்குச் சென்டிபீட். அதற்கு அதிகம் உரம் போட்டால்தான் சாகும். நிழல் அதிகமுள்ள கடலோர ஊர் என்றால் செயின்ட் அகஸ்டின், ஆஸ்திரேலியாவில் பஃபலோ என்று விற்பது அதுதான். வளைகுடாவின் உப்புத்தண்ணீருக்குக் கடற்கரைப் பாஸ்பாலம். சிங்கப்பூரின் மழைக்கும் நிழலுக்கும் அங்கே தானாகவே பரவிக்கிடக்கும் அகல இலை மாட்டுப்புல்லே போதும்.

ஐந்தாவதாக ஒரு கேள்வியும் உண்டு. புல் வேண்டுமா? சட்டம் கேட்கிற அளவுக்கு நடுங்கள். மிச்சத்தில் மரம் வையுங்கள், கீரை போடுங்கள், இல்லையென்றால் கொஞ்சம் மண்ணை மண்ணாகவே விடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே செடியின் உடம்பை விரிக்காதீர்கள்.

நேற்று அம்மாவிடம் பேசினேன். முதலில் கேட்டது என்னை இல்லை. "முத்தம் பெருக்கினியா?" என்றார்கள். இரவுப்பணி, தூக்கம் என்று சாக்குச் சொன்னேன். ஓரத்திலிருந்து அறுகு உள்ளே ஓடி வரத் தொடங்கியிருக்கிறது. பேசி முடித்ததும் போய்ப் பிடுங்க வேண்டும்.